பள்ளிக்கூடத்து அடுப்புக்கும் ஒரு காப்பு

இன்று காலை எங்கள் தெருவுக்குக் காப்புக் கட்ட வந்தார்கள். பொன்னியம்மனுக்கு ஆடித் திருவிழா. பம்பைச் சத்தம் தெரு முனையில் கேட்பதற்கு முன்பே மஞ்சள் வாடை வாசலுக்கு வந்துவிட்டது. இழைத்த பச்சை மஞ்சளில் நூலை நனைத்தால் வருமே, அந்த ஈர வாடை. வீட்டுக்கு ஒருவர் கை நீட்ட வேண்டும். அத்தை ஊரில் இல்லை. என் வீட்டுக்காரர் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு டியூட்டிக்குப் போய்விட்டார். பூசாரி என் கையைப் பிடிக்க வந்தபோது, நினைத்துச் செய்யவில்லை, கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு நீயி, நூலுக்குப் போயி பயந்துக்கினு" என்றார் அவர். பக்கத்து வீட்டு அக்காதான், இவள் தலைக்குக் குளிக்காமல் இருப்பாள், விடுங்கள் என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாள். அவர்கள் அடுத்த வாசலுக்குப் போனார்கள். நான் உள்ளே வந்து பாப்பாவின் சிலேட்டை ஒதுக்கிவிட்டு இந்தத் தாளை எடுத்தேன்.

மூன்று வருடம் தாமதமாக எழுதுகிறேன். அப்போதே எழுதியிருந்தால் முழுக்கத் திட்டாகத்தான் இருந்திருக்கும். இப்போதும் பாதிக்கு மேல் திட்டுதான், பொறுத்துக்கொள். உன்னைத் திட்ட எனக்கு உரிமை உண்டு, இல்லாவிட்டாலும் எடுத்துக்கொள்வேன்.

உன்னை நான் அவசரப்படுத்தாத நாளே கிடையாது. கவரைப்பேட்டையில் நான் ரயிலேறி, ஜன்னல் ஓரத்தில் டிபன் பையை வைத்து உனக்கு இடம் பிடித்திருப்பேன். பொன்னேரியில் நீ ஏறுவாய். பழவேற்காட்டில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருப்பாய். உன் நைனா ஏரியில் இருந்து படகைக் கரைக்குக் கொண்டுவரும் நேரத்தில் நீ புடவை கட்டிக் கிளம்பியாக வேண்டும். ஏறியதும் முந்தானையை என் மூக்கருகே நீட்டி, மீன் வாடை அடிக்கிறதா பார் என்பாய். அடிக்கும். இல்லை என்பேன். அப்புறம் கல்லூரி மாடிப்படி. நான் இரண்டு இரண்டு படியாகத் தாவுவேன், நீ நடுவில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாய்.

"ரெண்டு நிமிசம்டீ. மூச்சு வாங்குது."

"உனுக்கு எப்பத்தான் வாங்கல? வா, மணி அடிச்சிடுவான்."

சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். உன் நெஞ்சுக்குள் ஒரு வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? உனக்கே தெரியாது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு காய்ச்சல் வந்ததாம், அதன் மிச்சம் என்று டாக்டர் சொன்னது எவ்வளவோ பிற்பாடு.

பி.ஏ. முடித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. நீ டீச்சர் படிப்பு பி.டி.யும் முடித்தாய். யாரும் போக விரும்பாத இடமாகப் பார்த்து வேலை வாங்கினாய். ஜவ்வாது மலையில், பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற பள்ளி. மலையாளிகள் என்று அவர்களுக்குப் பெயர், பேசுவது தமிழ்தான் என்று எழுதினாய். ஆனால் நீ பேசுகிற தமிழைக் கேட்டு அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள் என்றும் எழுதினாய். லீவில் வந்தபோது உன் உதடு நீலம் பாரித்திருந்ததைப் பார்த்து, நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வால்வை விரித்துவிட ஒரு ஆபரேஷன், கட்டில் காலியாகும்போது கார்டு போடுவோம், அந்த நாளில் வந்து சேர்ந்தாக வேண்டும், தவறினால் பெயர் கடைசிக்குப் போய்விடும் என்றார்கள். மலைக்குத் தபால் எப்போது போகும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதனால் என் விலாசத்தைக் கொடுத்தோம்.

கார்டு ஒரு சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை சேர வேண்டும்.

தந்தி கொடுத்தால் உன் கைக்கு எப்போது கிடைக்குமோ. அவருக்கு லீவு இல்லை. உன் நைனாவுக்கு மெட்ராஸுக்கு அந்தப் பக்கம் போய்ப் பழக்கமில்லை. பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானே கிளம்பினேன். பால் குடிக்கிற பிள்ளையை மலை மேல் ஏற்றுகிற பைத்தியக்காரியை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அத்தை வாசல் வரை சொல்லிக்கொண்டே வந்தார். பிளாஸ்க், கிரைப் வாட்டர், சளி மருந்து, இரண்டு கம்பளி, துணி மூட்டை, நகம் வெட்டுகிற கத்தரிக்கோல் உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். நான் அப்படித்தான், உனக்குத் தெரியும்.

திருப்பத்தூரில் இருந்து மலைக்கு ஒரே பஸ். சாயங்காலம் ஏறி, அங்கேயே தங்கி, காலை ஆறரைக்கு இறங்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஏறினேன். வளைவுக்கு வளைவு பாப்பா வாந்தி எடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைக்காரப் பெண் ஒரு கடுக்காயைக் கொடுத்து முகரக் கொடுக்கச் சொன்னாள். ஆகுமோ ஆகாதோ என்று நான் அதை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டேன். மேலே இறங்கியபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. புளி, தேன் டின்கள், சாமை மூட்டைகள், கழுத்து நிறையப் பாசிமணி போட்ட பெண்கள். கல்லால் கட்டிய ஒரு பழைய சிவன் கோயில், கதவு சாத்திக் கிடந்தது. அதற்கு மேலே மரத்தடியில் வரிசையாக நட்ட வேல்கள். சந்தைக்கு வந்த இடத்தில் என்னைப் பார்த்துவிட்ட நீ, அதுதான் எங்கள் அம்மன் கோயில் என்று கையை நீட்டிக் காட்டினாய். 'எங்கள்' என்று நீ சொன்னதை அப்போது நான் கவனிக்கவில்லை. நீ மெலிந்திருப்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடீ இது, ஒரு நாளுக்கு வந்தியா, ஊட்டையே காலி பண்ணிக்கினு வந்தியா?"

என் கையில் இருந்த ஒரு பையை வாங்கினாய். பத்தடி போனதும் கீழே வைத்துவிட்டாய். நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நீ விடியலிலேயே குளித்து, டிரங்குப் பெட்டியைப் பூட்டி, அதன் மேல் உட்கார்ந்திருந்தாய். வாழ்நாளில் முதல் தடவையாக நீ எனக்கு முன்னால் தயாராக இருந்தாய். பாப்பா முதல் நாள் முழுக்க வாந்தியும் அழுகையுமாக இருந்துவிட்டு அப்போதுதான் கண் மூடியிருந்தாள். நெற்றி சுட்டது. மறுபடி அந்த வளைவுகளில் அவளை இறக்க எனக்குத் துணிவில்லை. நாளைக்குக் காலை பஸ்ஸில் போனாலும் ராத்திரிக்கு மெட்ராஸ் போய்விடலாம், வியாழக்கிழமைக்கு நேரம் இருக்கிறது, இன்று ஒரு நாள் பிள்ளை தூங்கட்டும் என்றேன். அதைச் சொன்னது நான். வருடக்கணக்காக உன்னை ஓடு ஓடு என்று விரட்டியவள், அந்த ஒரு காலையில் மட்டும் நாளைக்குப் போகலாம் என்றேன். நீ பாப்பாவைப் பார்த்தாய், சரி என்றாய். பஸ் ஹாரன் அடித்துவிட்டு இறங்கிப் போனது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் பள்ளிச் சமையல்காரி சடைச்சி அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள். அம்மன் பூக் கொடுத்துவிட்டாளாம். அந்த ஊரில் திருவிழாவுக்கு நாள் பார்ப்பதில்லை. அம்மன் தலையில் பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், அது தானாக வலப்பக்கம் விழுந்தால்தான் உத்தரவு. இரண்டு வருடமாக விழவில்லை, அதனால் இரண்டு வருடமாகத் திருவிழா இல்லை. அன்றைக்கு விழுந்துவிட்டது. நான் வந்து இறங்கிய மறுநாள், பஸ்ஸை விட்ட அதே நாள்.

பொழுது சாயும் நேரத்தில் மேளத்தோடு வீடு வீடாக வந்தார்கள். முன்னால் ஊர்க்கவுண்டர், வெள்ளைத் தலைப்பாகை, கையில் மஞ்சள் நூல் கிடந்த தட்டு. முன்பெல்லாம் தாண்டித்தான் போனார்கள், இப்போதும் நம்மைத் தாண்டித்தான் போவார்கள், பார், என்று நீ என் காதில் சொன்னாய். மீன் தின்கிற ஊர்க்காரி, சம்பளத்துக்கு வந்தவள், ஊர்க்கணக்கில் இல்லாதவள். ஆனால் அவர்கள் தாண்டவில்லை. பள்ளிக்கூடத்து வாசலில் மேளம் நின்றது. கவுண்டர், இந்த அடுப்பும் ஒரு வீடு என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீ கையை நீட்டவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாய்.

இதைத்தான் மூன்று வருடமாகத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்த காப்பு எங்கள் ஊர்க் காப்பு. இங்கே காப்புக் கட்டிக்கொண்டவர்கள் மறுநாள் ரயிலேறி வேலைக்குப் போவார்கள், மெட்ராஸில் கல்யாணம் பார்ப்பார்கள், ராத்திரி வந்து படுத்தால் போதும், படுக்காவிட்டாலும் யாரும் எண்ணப்போவதில்லை. அந்த நினைப்பில் நான் தலையை ஆட்டினேன். கட்டிக்கொள், ஆபரேஷனுக்கு முன்னால் அம்மன் காப்பு, நல்லதுதானே என்று வாய்விட்டும் சொன்னேன். நீ கையை நீட்டினாய். சடைச்சி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேளம் அடுத்த வீட்டுக்குப் போன பிறகுதான் சொன்னாய். காப்பு அவிழ்க்கும் வரை எட்டு நாள். கட்டியவர் யாரும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

முதலில் நீ விளையாடுகிறாய் என்று நினைத்தேன். வியாழக்கிழமை என்றேன். தெரியும் என்றாய். கட்டில் போய்விடும் என்றேன். தெரியும் என்றாய். பிறகு எப்படி நீட்டினாய் என்று கேட்டேன், நீ பாப்பாவை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாய், காய்ச்சல் இறங்கிவிட்டது என்றாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது.

விடிந்தும் விடியாமல் ஊர்க்கவுண்டர் வீட்டுக்குப் போனேன். பஸ் புறப்பட முக்கால் மணி நேரம் இருந்தது. இங்கிலீஷில் இருந்த ஆஸ்பத்திரி கார்டை அவர் முன்னால் நீட்டினேன், என்ன புத்தி பார். சண்டை போடத்தான் போனேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரச் சொல்லி, பிள்ளைக்குத் தேன் கொடுக்கச் சொன்னார். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேனா என்று நான் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

"டீச்சரம்மாவ யாரும் கட்டிப் போடலம்மா. போறதுன்னா போவட்டும். ஊடு ஒண்ணு கொறஞ்சா இந்த வருசமும் சாமி எறங்காது. ரெண்டு வருசம் நின்னது மூணு வருசம் நிக்கும், அவ்வளவுதான்."

நெஞ்சில் வியாதி, உயிர் விஷயம் என்றேன்.

"தெரியும். அத வச்சித்தான் அம்மங்கிட்ட கேட்டோம். டீச்சரம்மா அடுப்பையும் ஊடாச் சேத்துக்கறோம், அந்த உசுருக்கும் நீதான் பொறுப்புன்னு சொல்லிப் பூ வச்சோம். ரெண்டு வருசமா உழாத பூ, நேத்து உழுந்துச்சு."

நான் எழுந்து வந்துவிட்டேன். தர்க்கம் படித்த பி.ஏ. எதற்கு ஆயிற்று? வழியெல்லாம் அவர்கள் மீது கோபம், அம்மன் மீது கோபம், எல்லாவற்றையும் விட உன் மீது. குடிசைகளுக்கு முன்னால் பெண்கள் சாணம் தெளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு வெளிச்சம். என்னைப் பார்த்து, டீச்சரம்மா தோழியா, திருவிழா பார்த்துவிட்டுப் போ என்றார்கள். அன்போடுதான் கூப்பிட்டார்கள். எனக்கு எரிந்தது.

நீ அடுப்படியில் எனக்கு வழிக்கு நாஷ்டா கட்டிக்கொண்டிருந்தாய், சாமை உப்புமா. நான் மூட்டையைப் பிரித்து நகம் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்தேன். உன் மணிக்கட்டைப் பிடித்தேன். நீ இழுத்துக்கொள்ளவில்லை.

"அறுத்துக்கோ. நூலுதான். ஆனா பஸ்சுல நான் ஏற மாட்டேன்."

"பேஜாரு பண்ணாதடீ. ஒரு பூ உழுந்ததுக்காக சாவியா? நீ நம்புறியா அத?"

"பூவ நம்பலடீ. எனுக்காகக் கேட்டாங்கன்னு சடைச்சி அக்கா ராத்திரி சொன்னாங்க பாரு, அத." நீ உப்புமாவை இலையில் வைத்து மடித்தாய். மடித்துக்கொண்டே சொன்னாய்: "நாலு வருசமா நான் இங்க வந்த ஆளு. நேத்துதான் ஒரு ஊடு ஆனேன்."

அப்போது எனக்கு எதுவும் புரியவில்லை என்று சொன்னால் பொய். புரிந்தது. புரிந்ததால்தான் இன்னும் ஆத்திரம் வந்தது. வீடு வேண்டுமென்றால் உயிரோடு இருந்தால்தானே வீடு? பொன்னேரியில், பழவேற்காட்டில், என் வீட்டில் உனக்கு இடம் இல்லையா? இதையெல்லாம் கேட்டேன். எட்டாம் நாள் முடிந்ததும் வந்துவிடுவேன், நீ போய்க் கட்டிலை நிறுத்தி வைக்கப் பார் என்றாய். கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, நீ கையசைத்தபோது நான் பாப்பாவின் கம்பளியைச் சரிசெய்வது போல் குனிந்துகொண்டேன். அதை நீ பார்த்திருப்பாய்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் நான் போய் நின்றேன், நோயாளி இல்லாமல். ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். காப்புக் கட்டிவிட்டார்கள் என்று எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அந்த நர்ஸ் நல்லவள், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கட்டிலுக்கு அடுத்த பெயர்க்காரர் காஞ்சிபுரத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்த பிறகு என்னால் அதிகம் கெஞ்ச முடியவில்லை.

நீ சொன்னபடி வந்தாய். மறுபடி பெயர் எழுதினார்கள், மூன்று மாதமாவது ஆகும் என்றார்கள். என் வீட்டிலேயே இரு என்றேன். பரீட்சை வருகிறது என்று மலையேறிப் போனாய். திருவிழாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் போனதும் கடிதத்தில் எழுதினாய். மலைச் சரிவில் விடியும்போது எல்லா வீட்டுப் பானைகளும் வரிசையாகப் பொங்கினவாம். பெண்கள் கைகோத்து வட்டமாக ஆடினார்களாம், உன்னால் ஆட முடியாது என்று தெரிந்து நடுவில் உட்கார வைத்து உன்னைச் சுற்றி ஆடினார்களாம். 'என் பானை ஏழாவதாக இருந்தது' என்று எழுதி அதன் கீழே கோடு போட்டிருந்தாய். அந்தக் கடிதத்தை அன்றைக்கு முழுதாகப் படிக்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. ஏழாவதாம்! ஆஸ்பத்திரி வரிசையில் நீ எத்தனையாவது என்று கேட்டுப் பதில் போட்டேன். உனக்கு நான் எழுதிய கடைசி வரி அதுதான்.

பத்தாவது வாரம் உன் தலைமையாசிரியர் எழுதினார். வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நாற்காலியில் சாய்ந்தாயாம். பஸ் காலையிலேயே இறங்கிப் போய்விட்டிருந்ததாம்.

உன் நைனா போய்விட்டு வந்தார். மெட்ராஸைத் தாண்டிப் போகத் தெரியாத மனிதர், கேட்டுக் கேட்டுப் போயிருக்கிறார். திரும்பும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, கொடுத்த காபியைக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். "அவங்க ஊட்டு ஆளுங்கள வைக்கிற எடத்துலயே வச்சாங்கம்மா. நான் இன்னா சொல்லப் போறேன்" என்றார். அவருக்கு அதில் ஏதோ ஆறுதல் இருந்தது. அதைப் பார்த்து அவர் மீதும் எனக்குக் கோபம் வந்தது, பார்.

பிறகு ஒரு நாள், யாரிடமும் சொல்லாமல், அந்த ஆஸ்பத்திரி டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த வியாழக்கிழமை சேர்ந்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று கேட்டேன். இருந்திருக்கலாம், மேஜையிலேயே போயிருக்கவும் கூடும், இப்போது யாராலும் சொல்ல முடியாது என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றேன்.

ஆகவே கணக்கு தீரவில்லை. கவுண்டரைக் குற்றம் சொல்லிப் பார்த்தேன், நிற்கவில்லை. உன்னைச் சொல்லிப் பார்க்கிறேன், இதோ இத்தனை பக்கம். நீ ஏன் கை நீட்டுவதற்கு முன்னால் எட்டு நாள் என்று சொல்லவில்லை? என்னைப் பார்த்தாயே, நான் வேண்டாம் என்று சொல்லட்டும் என்றா, சரி என்று சொல்லட்டும் என்றா? இதற்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தால் போதும் எனக்கு. சில நாள் நீ என்னிடம் தப்பிக்க வழி கேட்டாய் என்று தோன்றுகிறது. சில நாள், நான் சொல்லியிருந்தாலும் நீட்டியிருப்பாய், சும்மா என்னையும் அந்தச் சந்தோஷத்தில் சேர்த்துக்கொண்டாய் என்று தோன்றுகிறது. எது என்று சொல்லாமலே போய்விட்டாய்.

பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஆனால் அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம். எங்கே போவதென்றாலும் முதல் வண்டிதான். பொன்னேரியில் ஒரு தடுப்பூசி, மீஞ்சூரில் ஒரு கல்யாணம், எதுவாக இருந்தாலும் சரி. இருட்டு விலகுவதற்குள் குளித்துவிடுகிறேன். குழந்தை தூங்கட்டுமே, எட்டே முக்காலுக்கு இன்னொரு வண்டி இருக்கிறதே என்று அவர் கெஞ்சுவார். அத்தை திட்டுவார். போன வாரம்கூட அப்படித்தான். கண் திறக்காத பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். அவள் வாயோரத்தில் இருந்து எச்சில் என் ரவிக்கையில் ஊறியது. தூக்கக் கலக்கத்தில் "எங்கமா போறோம்?" என்று முனகினாள். நான் நடையை எட்டிப் போட்டேன். பிளாட்பாரத்தில் போய் நின்றபோது வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.